கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர்: பெட்டியில் போட்டிருந்ததும் காதில் கேட்டதும்

கைக்கு அடக்கமான ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் முடிவானதும், தெரிந்தவர்களிடம் இருந்ததையெல்லாம் இரவல் வாங்கி வந்து கேட்க ஆரம்பித்தேன். தம்பி தன்னுடைய ஜேபிஎல் கோ 4-ஐக் கொடுத்தான். கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அதே ஜேபிஎல்லின் ஃப்ளிப் 6 கொண்டுவந்து தந்தார். அத்தை வீட்டிலிருந்து சோனி எக்ஸ்பி100 வந்தது. அதிகம் பெயர் கேள்விப்படாத கம்பெனிகளின் ஸ்பீக்கர்களும் இரண்டொன்று கிடைத்தன. ஒவ்வொன்றும் சில நாட்கள் வீட்டில் இருந்தது. அட்டவணைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத பல விஷயங்கள், இப்படிக் கூடவே வைத்துப் புழங்கியதில் தெரிந்தன.

எங்களுக்கு என்ன தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் பொறுத்துத்தான் எல்லாமே மாறுகிறது. அம்மாவுக்குக் காலையில் சமையலறையில் வேலை செய்துகொண்டே பாட்டு கேட்க வேண்டும். எனக்கு இரவில் படுத்தபடி ஒலிப்புத்தகம் கேட்க வேண்டும். எப்போதாவது வெளியூர் கிளம்பினால் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் ஒரு கூட்டமே ஆடும் அளவுக்குச் சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த அளவு ஸ்பீக்கரே சரிப்படாது. அவர்கள் இதைவிடப் பெரியதாகத் தேடுவது நல்லது.

ஒப்பிடும்போது முதலில் செய்ய வேண்டியது, இரண்டு ஸ்பீக்கர்களின் சத்தத்தையும் சமமாக்குவது. இதைச் செய்யாத ஒப்பீடு எதற்கும் உதவாது என்றே சொல்வேன். ஒரே பாட்டை இரண்டிலும் போட்டால், கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பதைத்தான் காது ‘நல்ல சவுண்ட்’ என்று எடுத்துக்கொள்ளும். போனில் வால்யூம் பாதியில் இருக்கிறது, ஆகவே இரண்டும் சமம் என்று நினைக்கவும் முடியாது. அந்தப் பாதி ஒரு ஸ்பீக்கரில் மெல்லிய சத்தமாக இருக்கும், இன்னொன்றில் அறையே நிறைந்துவிடும். நான் இன்னொரு போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, அதை உட்காரும் இடத்தில் வைத்தேன். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே டெசிபெல் காட்டும்வரை வால்யூமைக் கூட்டிக் குறைத்தேன். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அளக்கும் கருவியும் இடமும் மாறாமல் இருந்தால் போதும். பாட்டைவிட ‘பிங்க் நாய்ஸ்’ எனப்படும் ஒரே சீரான இரைச்சலைப் போட்டு அளப்பது சுலபம், எண் குதிக்காமல் நிற்கும். போனில் ஈக்வலைசர், ‘சரவுண்ட்’ மாதிரி ஏதாவது ஆன் ஆகியிருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும்.

அப்புறம், எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். தம்பியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டு நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். முதல் நாள் எடுப்பாகத் தெரிந்த ஒரு ஸ்பீக்கர், சத்தம் சமமானதும் பின்னால் போய்விட்டது. அதன் எடுப்பு முழுவதும் கூடுதல் சத்தத்திலும் தூக்கி வைத்த மேல் ஸ்தாயியிலும்தான் இருந்தது. அரை மணி நேரம் தொடர்ந்து கேட்டபோது ‘ச’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் காதைக் குத்தியது. கடையில் அரை நிமிடம் கேட்பதில் இது தெரியவே தெரியாது.

எந்தப் பாட்டைப் போட்டுப் பார்ப்பது? நமக்கு மனப்பாடமாக இருக்கும் பாட்டுதான் நல்லது. கடையில் டெமோவுக்காகப் போடும் பாட்டு அந்த ஸ்பீக்கர் நன்றாகச் செய்வதை மட்டும் காட்டும். நான் மூன்று விதமாக வைத்துக்கொண்டேன்: தம்புராவும் குரலும் மட்டும் உள்ள ஒரு பதிவு, மிருதங்கம் தெளிவாகக் கேட்கும் ஒரு கச்சேரிப் பதிவு, நிறைய கருவிகள் ஒரே நேரத்தில் முழங்கும் ஒரு சினிமாப் பாட்டு. மிருதங்கம் அருமையான சோதனை. வலந்தலையின் ‘நம்’, ‘தீம்’ சின்ன ஸ்பீக்கரிலும் ஓரளவு வந்துவிடும். இடந்தலையின் ‘கும்’ என்று ஆழமாக நீளும் கும்காரம் வருகிறதா, அல்லது வெறும் ‘டப்’ என்று நின்றுவிடுகிறதா என்பதில்தான் வித்தியாசம் தெரியும். சினிமாப் பாட்டில் நான் கவனித்தது ஒன்றே ஒன்று: தாளவாத்தியங்கள் வலுவாக இறங்கும்போது பாடுகிறவரின் குரல் அமுங்கி மேலே வருகிறதா? மலிவான ஸ்பீக்கர் ஒன்றில் ஒவ்வொரு அடிக்கும் குரல் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கியது. ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு அதை மறக்க முடியாது.

பேஸ், அதாவது கீழ் ஒலிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேடுகிறார்கள், இந்த அளவில் கிடைக்காததும் அதுதான். ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறார்கள், எண் குறையக் குறைய ஒலி தாழும். மனிதக் காது கேட்கும் எல்லை தோராயமாக 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. கோ 4-க்குக் கம்பெனி கொடுத்திருக்கும் கீழ் எல்லை 90 ஹெர்ட்ஸ், ஃப்ளிப் 6-க்கு 63 ஹெர்ட்ஸ். மேற்கத்திய இசையின் டபுள் பேஸ் கருவியில் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அது இரண்டிலுமே அப்படியே வராது. காரணம் எளிமையானது. ஒரு ஸ்வரத்தை அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கவைக்க, ஸ்பீக்கர் 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கை அளவுப் பெட்டியில் இருக்கும் 4, 5 சென்டிமீட்டர் அகல, ஒலி எழுப்பும் கூம்பு எவ்வளவு தூரம்தான் முன்னும் பின்னும் போகும்? இதற்காகத்தான் பக்கவாட்டிலோ அடியிலோ பாஸிவ் ரேடியேட்டர் என்ற ஒரு சவ்வை வைக்கிறார்கள். அதற்கு மின்சாரம் கிடையாது. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்தில் அது ஆடி, கீழ் ஒலிகளுக்குக் கை கொடுக்கிறது. பாட்டு ஓடும்போது அது துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி அடைத்து வைக்கக் கூடாது.

நம் காதும் ஒரு உதவி செய்கிறது. அடிப்படை ஒலி வராவிட்டாலும், அதன் மடங்குகளான மேல் ஒலிகள் வந்தால் மூளை அந்த அடிப்படையைத் தானே ஊகித்துக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் இருப்பதாக நாம் உணர்வதில் ஒரு பங்கு இதுதான். இதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. காதுக்கு இனிமையாக இருந்தால் சரி.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பாதி வால்யூமில் அழகாக இருந்த பேஸ், முழு வால்யூமுக்குப் போனதும் காணாமல் போய்விடும். நான் கேட்ட எல்லா ஸ்பீக்கர்களிலும் கூடவோ குறையவோ இது இருந்தது. கூம்பு அளவுக்கு மீறி ஆடிக் கிழிந்துவிடாமல் இருக்க, உள்ளே இருக்கும் சிப் சத்தம் ஏற ஏறக் கீழ் ஒலிகளை வெட்டிக்கொண்டே வரும். ஆகவே ஒரு ஸ்பீக்கரின் உண்மையான வரம்பு, அதன் முழு வால்யூம் இல்லை. ஒலியின் நிறம் மாறாமல் எவ்வளவு தூரம் ஏற்ற முடிகிறதோ அதுதான். வாங்கும் முன் வால்யூமை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். பாட்டு மெலிந்து தகரம்போல ஆகும் இடத்தைக் கவனித்து வையுங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தம் அதற்குக் கீழே இருந்தால் கவலை இல்லை.

பேஸைத் துரத்துவதை நிறுத்திவிட்டுக் குரலைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தேர்வு சுலபமானது. ஆண்களின் பேச்சுக்குரல் அடிப்படை ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை, பெண்களுக்கு 165 முதல் 255 வரை. சொற்களைப் புரியவைக்கும் மெய்யொலிகள் இதற்கெல்லாம் வெகு மேலே, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கின்றன. சின்ன ஸ்பீக்கர் உண்மையிலேயே நன்றாகச் செய்யக்கூடிய பகுதி இது. அம்மாவிடம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டியபோது, “பேஸ் எப்படி இருக்கு” என்று கேட்டேன். “அதெல்லாம் தெரியாதுடா, இதுல பாட்டு கேக்குது, அதுல வார்த்தை புரியுது” என்றார். அவர் ‘அது’ என்று சொன்னதைத்தான் மறுபடி மறுபடி எடுத்துக் கேட்டேன். வயதானவர்களுக்காக வாங்குகிறீர்கள் என்றால் அவர்களையே கேட்கவைத்து முடிவு செய்யுங்கள். வயதாக ஆக மேல் ஒலிகள் காதில் குறைந்துகொண்டே வரும். நம் காதுக்கு இதமாக, கொஞ்சம் மங்கலாக ஒலிப்பது அவர்களுக்குத் தெளிவில்லாமல் போகலாம்.

வாட் கணக்கு: வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். எனவே 5 வாட்டா 7 வாட்டா என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியில் ‘பிஎம்பிஓ’ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம்) என்று போட்டுப் பெரிய எண் இருந்தால் அதை அப்படியே ஒதுக்கிவிடலாம். ‘ஆர்எம்எஸ்’ (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று இருப்பது மட்டுமே ஓரளவு பொருள் உள்ளது.

ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்து ஒலிக்கிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் இதுதான் முடிவையே மாற்றியது. கோ 4, ஃப்ளிப் 6 இரண்டும் முன்பக்கம் பார்த்து ஒலிப்பவை. எக்ஸ்பி100 உருளை வடிவில் மேல்நோக்கி ஒலிப்பது. அல்டிமேட் இயர்ஸின் வொண்டர்பூம் போன்றவை சுற்றிலும் ஒலிக்கும்படி செய்யப்பட்டவை. கீழ் ஒலிகள் எல்லாப் பக்கமும் பரவும், மேல் ஒலிகள் கூம்பு பார்க்கும் திசையில்தான் அதிகம் போகும். ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு முன்பக்கம் பார்ப்பது நன்றாக இருக்கும். சமையலறையில் அம்மா அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பவர். முன்பக்கம் ஒலிக்கும் ஸ்பீக்கரின் பின்னால் போனதும் வார்த்தைகள் மங்கின. மேல்நோக்கி ஒலித்தது எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது.

வைக்கும் இடமும் அப்படித்தான். அறையின் நடுவே ஒரு முக்காலியில் வைத்ததைச் சுவரோரம், பிறகு மூலையில் என்று நகர்த்திப் பாருங்கள், பேஸ் ஏறிக்கொண்டே வரும். சுவர் கீழ் ஒலிகளைத் திருப்பி அனுப்புவதால் வரும் இலவச உதவி இது. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும். ஒன்றைச் சுவரோரமும் இன்னொன்றை மேசை நடுவிலும் வைத்துக் கேட்டால், ஸ்பீக்கரை விட்டுவிட்டு இடத்தை ஒப்பிட்டதாகிவிடும். திறந்த வெளியில் இந்த உதவி கிடையாது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். வீட்டுக்குள் தாராளமாகக் கேட்ட கோ 4, மாடிக்குக் கொண்டுபோனதும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் போதும் என்ற நிலைக்கு வந்தது. ஃப்ளிப் 6 அங்கே சமாளித்தது. ஆனால் அதன் எடை 550 கிராம், கோ 4-இன் எடை 190 கிராம். பையில் தினமும் சுமக்கிறவருக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

இரவில் கேட்பதற்கென்று வேறு சோதனைகள் இருக்கின்றன. நான் படித்த ஒப்பீடுகள் எல்லாம் அதிகபட்ச சத்தத்தைத்தான் அளந்தன. எனக்கு வேண்டியது குறைந்தபட்ச சத்தம். இரவல் வந்ததில் ஒன்று, வால்யூமின் முதல் படியிலேயே பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடும். இன்னொன்றில் குரல் நின்ற இடைவெளிகளில் ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய இரைச்சல் கேட்டது. மூன்றாவது ஒன்றில் வந்த தொல்லை இன்னும் நுட்பமானது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, மௌனமான இடங்களில் அதன் ஆம்ப்ளிஃபையர் தூங்கிவிடும். வாசிப்பவர் ஒரு பத்தி முடித்து நிறுத்தி அடுத்த பத்தியைத் தொடங்கும்போது முதல் அசை விழுங்கப்பட்டுவிடும். பாட்டில் இது தெரியாது, பேச்சில்தான் மாட்டும். ஒலிப்புத்தகம் கேட்கிறவர்கள் வாங்கும் முன் ஒரு அத்தியாயத்தையாவது மெல்லிய சத்தத்தில் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. ஆன் செய்யும்போதும் இணையும்போதும் வரும் அறிவிப்புக் குரலையும் கவனியுங்கள். சில ஸ்பீக்கர்களில் அது வால்யூமுக்குக் கட்டுப்படாமல் முழுச் சத்தத்தில் வரும், அதை நிறுத்த வழியும் இருக்காது.

மெல்லிய சத்தத்தில் பேஸ் குறைவாகத் தெரிவது ஸ்பீக்கரின் குறை மட்டுமில்லை. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள்: சத்தம் குறையக் குறைய, நடு ஒலிகளைவிடக் கீழ் ஒலிகள் காதுக்கு வேகமாக மங்குகின்றன. சில ஸ்பீக்கர்கள் மெல்லிய சத்தத்தில் பேஸைத் தாமாகவே கொஞ்சம் தூக்கிவிடும். இரவுப் பாட்டுக்கு அது நல்ல குணம்.

ஸ்டீரியோ வேண்டும் என்று இந்த அளவில் தேடுவதில் பெரிய பயன் இல்லை. ஒரு சாண் நீளப் பெட்டியில் இடது வலது என்று இரண்டு கூம்புகள் இருந்தாலும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததும் ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோலத்தான் கேட்கும். இரண்டு ஸ்பீக்கர்களை வாங்கி ஜோடியாக்கினால் உண்மையான ஸ்டீரியோ கிடைக்கும், அது தனி சுகம். ஆனால் பின்னால் இன்னொன்று வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இணைக்கும் முறையின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். ஃப்ளிப் 6-இல் இருப்பது பார்ட்டிபூஸ்ட், கோ 4-இல் இருப்பது ஆராகாஸ்ட். ஒரே கம்பெனியாக இருந்தும் இவை ஒன்றோடொன்று சேராது. ஸ்டீரியோ ஜோடிக்குப் பெரும்பாலும் ஒரே மாடலில் இரண்டு தேவைப்படும்.

ப்ளூடூத் 5.0-வா 5.3-ஆ என்பதால் பாட்டின் தரம் மாறாது. கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை பற்றியும் இந்த அளவு ஸ்பீக்கரில் நான் கவலைப்படவில்லை. எல்லாக் கருவிகளிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி என்ற கோடெக்கே இந்தக் கூம்புகளுக்குப் போதுமானது. வீடியோ பார்க்கும்போது உதடும் குரலும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஏனென்றால் ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர ஆகும் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தைச் செயலியே நிறுத்திப் பிடிக்கிறது. போனில் ஆடும் விளையாட்டுகளில் அப்படிச் செய்ய முடியாது. சுட்ட பிறகுதான் சத்தம் வரும்.

பேட்டரிக்கு என்று பெட்டியில் போட்டிருக்கும் மணி நேரம் நடுத்தர வால்யூமில் அளந்தது. கோ 4-க்கு 7 மணி நேரம், ஃப்ளிப் 6-க்கு 12, எக்ஸ்பி100-க்கு 16 என்கிறார்கள். வீட்டு உபயோகத்தில் இவற்றை நம்பலாம். முழு வால்யூமில் வைத்தால் பாதிகூடத் தாங்காமல் போகலாம். சார்ஜ் செய்யும் துளையைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. டைப்-சி துளை இருப்பதாலேயே எல்லா டைப்-சி சார்ஜரிலும் ஏறும் என்று சொல்ல முடியாது. இரவல் வந்த ஒரு மலிவு ஸ்பீக்கர், இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவே மறுத்தது. பழைய வகை ‘ஏ’ முனை சார்ஜரில் மட்டும் ஏறியது. துளைக்குள் 5.1 கிலோ ஓம் அளவுள்ள சின்ன மின்தடைகள் வைக்கப்பட்டிருந்தால்தான் டைப்-சி சார்ஜர் மறுமுனையில் ஒரு கருவி இருப்பதை அறிந்து மின்சாரம் கொடுக்கும். செலவை மிச்சம் பிடிக்க அவற்றை வைக்காமல் விட்டவர்கள் உண்டு. பயணத்துக்கு ஒரே சார்ஜர் எடுத்துப் போகிறவர்கள், வாங்கிய அன்றே தங்கள் போன் சார்ஜரில் செருகிப் பார்த்துவிட வேண்டும்.

தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி67 என்பதில் 6 தூசிக்கு, 7 தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் தூசிச் சோதனைக்கு எண் எதுவும் தரப்படவில்லை என்று அர்த்தம், கடற்கரை மணலுக்கு எடுத்துப் போக யோசிக்க வேண்டும். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், நீச்சல் குளத்துக் குளோரின் எதற்கும் இந்த எண் உத்தரவாதம் தருவதில்லை. கடலில் நனைந்தால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, துளை முழுவதும் உலர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். மிதக்கும் என்றும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. வொண்டர்பூம் மிதக்கும், பல ஸ்பீக்கர்கள் கல்லைப்போல அடியில் போய்விடும்.

போனில் வரும் அழைப்பை ஸ்பீக்கரிலேயே பேசலாம் என்று நினைப்பவர்கள் மைக் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பி100-இல் இருக்கிறது, ஃப்ளிப் 6-இல் இல்லை. பட்டன்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பதும் உதவும். ஈரக் கையோடு வால்யூமைக் குறைக்க வேண்டியவருக்கு, விரலுக்குத் தட்டுப்படும் பட்டன் பெரிய வசதி.

கடைசியில் வாங்கியது அத்தையிடம் இருந்த அதே எக்ஸ்பி100. முழுச் சத்தத்தில் ஃப்ளிப் 6 இதைவிட எவ்வளவோ மேல், நிறைய கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் பாட்டுகளில் அதன் விசாலம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அம்மா கேட்கும் சத்தத்தில், அவர் நடமாடும் இடத்தில், வார்த்தை தெளிவாக இருந்தது இதில்தான். 274 கிராம்தான் எடை, மாட்டுவதற்கு வார் இருக்கிறது. அவர் அதைச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கவிட்டபோது ஒலி அமுங்கியதால், அலமாரியின் மேல்தட்டில் நிற்கவைத்துவிட்டோம்.

புதிதாக வாங்கிய ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் மேலே சொன்ன சோதனைகளை, குறிப்பாக இரவில் மெல்லிய சத்தத்தில் கேட்பதையும் சார்ஜர் பொருத்தத்தையும், முடித்துவிடுங்கள். பிறகு பல வாரங்கள் உபயோகிக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி அளவு ஏற்றி, சூடில்லாத இடத்தில் வையுங்கள். லித்தியம் பேட்டரியை முழுதும் காலியாக மாதக்கணக்கில் போட்டுவைத்தால், அடுத்த முறை எடுக்கும்போது சார்ஜ் ஏறாமலே போகலாம்.